போட்டு வாறன்

யாழ்ப்பாணத்தான் 'போறன்' என்று சொல்லமாட்டான். அபசகுனம். பாண் வாங்கக் கிளம்பினாலும் கண்டம் தாண்டக் கிளம்பினாலும் 'போட்டு வாறன்'தான், அதாவது போய்விட்டு வருகிறேன். மொழியைப் பற்றி நிறையப் படித்தவன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. இந்தச் சொல்லில்தான் ஏமாந்தேன்.

யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில், யாரும் நிலையாக நிற்பதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் கூப்பிடும்வரைதான் இருப்பார்கள். நானும் என் நண்பனும் மட்டும் காலி வீதித் தேநீர்க்கடையில் அதே மேசை, அதே உளுந்து வடை என்று ஒட்டிக்கொண்டிருந்தோம். எங்கோ குண்டு வெடித்த மறுநாளும் போனோம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வடை தின்பது வீரம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம்.

என் மனைவியின் அண்ணன் கனடாவில். எங்களைக் கூப்பிடத் தயாராக இருந்தார். அவளும் கேட்டுக் களைத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் எனக்கு மறுக்கக் காரணம் எடுத்துத் தந்தவன் நண்பன்தான்.

"அங்க போய்ப் பனி அள்ளவோ, மச்சான்? எல்லாரும் வெளிக்கிட்டால் இந்த வடையை ஆர் தின்னுறது?"

வீட்டுக்கு வந்து அதையே என் சொந்தக் கருத்தாக ஒப்புவிப்பேன்.

ஒரு மாலை வழக்கம்போல் எழுந்தான். "போட்டு வாறன், மச்சான்." பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல், "ஓம், ஓம்" என்றேன்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காய்ச்சலாக்கும் என்று தோடம்பழத்தோடு தெஹிவளைக்குப் போனேன். அவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த முஸ்லிம் பெரியவர்தான் கதவைத் திறந்தார்.

"ஒங்களுக்குத் தெரியாதா? குடும்பத்தோட கனடா போய்ட்டாங்களே! ஒங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க."

பழங்களோடு திரும்பிவந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"என்னெண்டு?"

"பல்கனியில நிக்கிற கறிவேப்பிலைச் சாடி ஆர் தந்தது எண்டு நினைச்சனீங்கள்? உங்கட சிநேகிதற்றை மனிசிதான், கனடா போறம் எண்டு போன மாதம் தந்தது."

ஒரு மாதமாக அந்த இலையைத்தான் சொதியிலிருந்து பொறுக்கிச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்ல வேண்டாமாம். நீங்கள் கதைச்சுக் கதைச்சே அவரை மறிச்சுப்போடுவியளாம்."

நான் மறிப்பேனாம்! அவனிடம் இரவல் வாங்கிய நியாயங்களைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது?

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணா இண்டைக்கும் கேட்டவர். இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள்?"

டெலிபோனை அவள் பக்கம் தள்ளினேன்.

"அண்ணாவுக்குக் கோல் எடும்," என்றேன்.