கட்டைவிரலை வெளிய எடுடா

நம்புகிறவர்கள் நம்புங்கள். ஸ்நேகாவே முதலில் நம்பவில்லை. ஆனால் போன செப்டம்பரில், வங்காளத்துப் பவானிபூரில் அவள் படிக்கும் சமுதாயக் கல்லூரியின் ஆய்வகத்தில், பட்டப்பகலில் இது நடந்தது.

மருத்துவ ஆய்வகப் படிப்பில் ரத்தம் எடுக்கக் கை பழக வேண்டும். பழகுவதற்குத் தன் கையைக் கொடுத்தவன் தம்பி உதய். சாயங்காலமானால் சட்டையைச் சுருட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்காருவான். முஷ்டியை மடக்கச் சொன்னால் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்வான், கைக்குழந்தை மாதிரி. அவளும் திட்டித் திட்டி அலுத்துப்போனாள்.

ஜூலை மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். தடுமாறிய உதய் விளக்குக் கம்பத்தைப் பிடித்தான். மின்சாரம் பாய்ந்து அங்கேயே போய்விட்டான். பத்தொன்பது வயது. பெற்றவர்களைத் தேற்றுவதா, தான் அழுவதா என்று தெரியாமல் நின்றாள் ஸ்நேகா. அதற்கப்புறம் ஊசியை எடுத்தாலே கை நடுங்கியது. செய்முறைத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு.

மூன்றாவது தேர்வு நாளன்றும் அடைமழை. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ரத்தம் கொடுக்க வரவேண்டிய கௌஷிக் என்ற பெங்காலிப் பையனைக் காணோம். திடீரென்று கரண்ட் போனது. தேர்வு நடத்த வந்த மித்ரா மேடம், ஜெனரேட்டரைப் போடச் சொல்ல வராந்தாவுக்குப் போனார்.

கிர்ர்ர்... நாற்காலி இழுபடும் சத்தம்.

யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கை நீண்டிருந்தது. கௌஷிக் வந்துவிட்டான் என்று நினைத்தாள். ஊசி போடுமுன் பேரைக் கேட்க வேண்டும், அதுதான் முதல் பாடம். பதற்றத்தில் மறந்துவிட்டாள்.

செல்போன் வெளிச்சத்தில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். கை ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த கைதானே...

முஷ்டியைப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளே இருந்தது.

பழக்கதோஷம். வாய் தானாகச் சொன்னது.

“கட்டைவிரலை வெளிய எடுடா.”

சொன்னது தமிழில். கௌஷிக்குக்குத் தமிழ் தெரியாது.

கட்டைவிரல் வெளியே வந்தது...

ஊசி இறங்கியது. கை நடுங்கவில்லை. சிவப்பு மூடிக் குழாய் நிறைந்தது.

“வலிக்கல அக்கா.”

கரண்ட் வந்தது.

நாற்காலி... காலி.

குழாய் மட்டும் அவள் கையில். அப்போதுதான் எடுத்த ரத்தம் வெதுவெதுப்பாக இருக்கும். இது ஐஸ் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேடத்தோடு கௌஷிக் உள்ளே வந்தான், சொட்டச் சொட்ட நனைந்து. பஸ் கிடைக்கவில்லையாம். அவனுக்கும் ரத்தம் எடுத்தாள். ஒரே குத்து. தேறிவிட்டாள்.

சிவப்பு மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் மருந்து கிடையாது; கௌஷிக்கின் ரத்தம் அரை மணியில் உறைந்தது. இருட்டில் எடுத்த குழாய் மறுநாளும் தண்ணீராகத் தளும்பியது. மித்ரா மேடம் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். பிணவறையில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப் பார்த்திருப்பதாக மேடம் சொன்னார். மின்சாரம் தாக்கிச் செத்தவர்களின் ரத்தம் பல சமயம் உறையாதாம்.

உதயைப் பற்றி மேடத்துக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்நேகா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பேரைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், இன்னும் ஒரே ஒரு தடவை, அவன் வாயாலேயே சொல்லியிருப்பான்.