மதுரை ஜில்லாவுக்குள் ஒரு குட்டி இராமநாதபுரம்

எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம். காலை ஏழு மணிக்கு மதுரையில் பஸ் ஏறி மேலூரில் இறங்கினேன். மணிக்கு ஐம்பது பைசா வாடகைக்கு ஒரு சைக்கிள். கிழக்கே ஐந்து மைல் மிதித்துத் தேடிப் போனது ஒரு விசித்திரக் கிராமத்தை. சுற்றிலும் மதுரை ஜில்லா. நடுவில் இருபது வீடு மட்டும் இராமநாதபுரம் ஜில்லா. எந்த ஜமீன்தார் யாருக்குச் சீதனம் கொடுத்தாரோ, ஜமீன் போயும் எல்லை போகவில்லை.

ஊர் முகப்பில் மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டிய குட்டைக் கல் ஒன்று நின்றது. ஆடு மேய்த்த பெண்ணிடம் என்ன சாமி என்று கேட்டேன். "முனியய்யா" என்றாள். பின்னால் வந்த கிழவர் "காளியாத்தா" என்றார். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. குனிந்து பார்த்தால், மஞ்சளுக்கு அடியில் அம்புக்குறி! அட, சர்வே கல்!

அதற்குள் ஊரே கூடிவிட்டது. தோளில் துண்டோடு முன்னால் வந்தவர் வீரணன். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம் போலிருக்கிறது. என் காமிராப் பையை முறைத்தார்.

"கல்லப் புடுங்கத்தானே வந்தீக?"

"இல்லண்ணே, நான் ஊர் சுத்திப் பாத்து எழுதுறவன்."

"போன வாரம் வந்தவனும் இப்புடித்தேன் சொன்னான். எங்கள மேலூரோட சேத்துப்புட்டா ராமநாதபுரத்துக்குப் பாத்தியப்பட்ட கெழக்குக் கண்மாய்த் தண்ணி எங்களுக்குக் கெடையாது. அம்புட்டு வயலும் கருகிப் போகும்யா!"

அப்போதுதான் விளங்கியது. கல்லைப் பிடுங்கலாம், சாமியைப் பிடுங்க எந்த சர்வேயர் துணிவான்? பலே ஆசாமிகள்! ஆனாலும் எனக்கு எரிச்சல்தான். வெயிலில் வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

வீரணன் கல்லின் முன் சூடம் ஏற்றினார். "சர்க்கார் ஆளு இல்லேன்னு சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

வெறும் சர்வே கல்தானே என்று உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். கை சுரீர் என்றது. கூட்டம் இளகியது. ஒரு செம்பு மோரும் வந்தது.

மற்றவர்கள் கலைந்ததும் வீரணனிடம் மெதுவாகக் கேட்டேன். "சாமி எப்பண்ணே வந்துச்சு?"

சிரித்துவிட்டார். "போன ஆடியில நாந்தேன் மஞ்சப் பூசுனேன். ஆருகிட்டயும் சொல்லிப்புடாதீக."

"அப்ப இது வெறும் கல்லுதான்னு நீங்க சூடத்தை அடிங்க, பாப்போம்."

சிரிப்பு நின்றது. கல்லைப் பார்த்தார். தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"வேணாம்யா. நான் புள்ளகுட்டிக்காரன்."

மேலூர் திரும்பும் வழியெல்லாம், அங்கே நான் செய்த சத்தியத்தில் பொய் ஏதும் கலந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டே மிதித்தேன். ஊர்ப் பெயரை மட்டும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.