தண்ணியில் போனவள்

எங்கள் வீட்டில் பூவாடைக்காரியைக் கூப்பிடாமல் கல்யாணம் நடக்காது. வாழ வேண்டிய வயதில் செத்துப்போன பெண், குடும்பத்தைக் காக்கும் தெய்வமாகிவிடுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏரிக்கரையில் கலசம் வைத்து, பம்பை அடித்து அழைப்போம். அவள் குடும்பத்தில் யார் மேலாவது இறங்கி, மணப்பெண் கையில் மஞ்சளைக் கொடுத்தால்தான் சம்மதம். எங்களுடையவள் என் கொள்ளுத்தாத்தாவின் அக்கா. "தண்ணியில போயிட்டா" என்று மட்டும் சொல்வார்கள். ஏரியில் மூழ்கியவள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அவள் எப்போதும் என் அத்தை மேல்தான் இறங்குவாள். இறங்கியதும் அத்தை தள்ளாடிக்கொண்டு கால் விரலால் முன்னால் துழாவுவார். "தர எங்க? தர எங்க?" என்று கேட்பார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க இரும்புக் கம்பியைச் சோதிக்கிற எனக்கு இதெல்லாம் எரிச்சலாக இருக்கும். அத்தைக்குச் சினிமாவில் சான்ஸ் வாங்கித் தரலாம் என்று தங்கையிடம் கிண்டல் செய்திருக்கிறேன்.

தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனிலிருந்து ஓர் அம்மா ஊரில் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ் தெரியாது. அவருடைய பாட்டியின் அம்மா கப்பலேறிப் போனபோது எழுதிய பதிவின் நகலைக் காட்டினார். வயது பத்தொன்பது. ஊர் எங்கள் ஊர். தகப்பன் பெயர், கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர். அடையாளம், இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு. அப்பா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். கலசத்தின் இடது பக்கம் கரியால் ஒரு பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அவள் தண்ணியில் மூழ்கவில்லை. தண்ணி வழியாகப் போயிருக்கிறாள். நீராவிக் கப்பலின் அடித்தட்டில், எஞ்சின் சூட்டில், கழுத்தில் நம்பர் போட்ட தகரத்தோடு வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து, கரும்புத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். எண்பது வயது வரை இருந்தாளாம்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். கரும்பு வெட்டிக்கொண்டே இருப்பவள், சில நாள் திடீரென்று உட்கார்ந்துவிடுவாளாம். கால் விரலால் மண்ணைத் துழாவுவாளாம். அப்போது ஒரு வார்த்தை சொல்வாளாம். அர்த்தம் தெரியாமலே குடும்பத்தில் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அந்த அம்மா நாக்கைச் சுழற்றி மெதுவாகச் சொன்னார்.

"கூப்புடுறாங்கோ."

என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம் என்றேன்.

உயிரோடு இருந்தவளைச் செத்தவள் என்று கூப்பிட்டிருக்கிறோம். இனி சம்மதம் கொடுப்பாளா என்று அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று தங்கை அழுதாள். கடைசியில், கூப்பிடுவது, ஆனால் அத்தையிடம் எதையும் சொல்வதில்லை என்று முடிவானது. அத்தை கடம்பத்தூரிலிருந்து, கூப்பிடுகிற நாள் காலையில்தான் வந்தார். வந்திருக்கும் அம்மாவை என் சிநேகிதி என்றோம்.

பம்பை அடித்தது. "தண்ணில போனவளே, கரையேறி வா" என்று அப்பா சொல்ல வேண்டும். பாதியில் அவருக்கு வாய் வரவில்லை. அத்தை ஆடவில்லை. எழுந்து, தரையில் பாதம் முழுக்கப் பதிய நடந்து வந்தார். கால் துழாவவில்லை. தரை எங்கே என்று கேட்கவில்லை. டர்பன் அம்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"கரும்பு வெட்டிக்கினு இருக்கசொல்ல ஏன்டா கூப்ட்டீங்க? வேலய வுட்டுக் குந்திட்டேன்னு ஒவ்வொரு வாட்டியும் மேஸ்திரி அட்சான்டா."

 அத்தைக்குக் கரும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடித்ததை அந்த அம்மா எங்களிடமே சொல்லவில்லை. நான் மொழிபெயர்த்ததும் அவர் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். "தழும்பு இருந்தது. ஏன் என்று அவள் சொன்னதே இல்லை" என்றார்.

அப்பா அத்தை காலில் விழுந்தார்.  அத்தை மஞ்சளை எடுத்துத் தங்கை கையில் வைத்தார்.

கல்யாணம் நடந்தது.  அவளை முதன்முதலாகக் கூப்பிட்டது அவள் தம்பி கல்யாணத்துக்கு. அன்றும் அவள் அங்கே அடி வாங்கியிருப்பாள். அந்தக் கல்யாணத்தின் வழியாகப் பிறந்து வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.