கிளட்சின் வட்ட நட்

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. வெயில் சுள்ளென்று அடித்தது. மேல்காற்று வேப்பம்பழத்தையும் புழுதியையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து முன்வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புழுதிதான் என்னைப் பின்கட்டுக்குத் துரத்தியது. இன்ஜினைத் திறந்து வைத்திருக்கும்போது உள்ளே ஒரு துளி மணல் விழுந்தாலும் வேலை கெட்டுவிடும்.

என் மோட்டார் சைக்கிளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த மாதத் தொடக்கத்தில் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. வெங்காயம் ஏற்றிய தள்ளுவண்டிக்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றும், மாற்ற இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் ஆகும் என்றும் எங்கள் தெரு மெக்கானிக் சொன்னார். விருதுநகர் ஜங்ஷனில் முப்பத்து மூன்று வருஷம் பார்சல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எட்டு போல்ட்டைக் கழற்றி மாட்ட இவ்வளவா என்று தோன்றியது. இருபத்தைந்து ரூபாய் டிக்கெட்டில் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே உதிரிபாகக் கடை பாய் எனக்குப் பழக்கம். இரண்டு டப்பாக்களை மேசைமேல் வைத்தார்.

"கம்பெனி செட்டு ஆயிரத்து நானூறு. இது லோக்கல், அறுநூத்தி எண்பது. ரெண்டு வருஷம் ஓடும் அண்ணாச்சி."

"ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் வண்டி இருக்குமோ, நீங்க இருப்பீகளோ, நான் இருப்பேனோ, யாரு கண்டா?"

லோக்கல் செட்டை எடுத்துக்கொண்டேன். கவருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் நாற்பத்தைந்து, ஆயில் முன்னூற்றுத் தொண்ணூறு. பாய் நான்கு பல் வைத்த குழாய் மாதிரி ஒரு ஸ்பேனரையும் நீட்டினார்.

"நடுவுல ஒரு வட்ட நட் இருக்கும். இது இல்லாம கழட்ட முடியாது. நூத்தி எண்பது."

"ஒரே ஒரு நட்டுக்கு நூற்றி எண்பதா?"

"அப்போ உளிய வச்சுச் சுத்தியலால அடிங்க. காசு குடுக்க மனசில்லாதவுக எல்லாரும் அதத்தான் செய்யுறாக."

என்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் ஸ்பேனரை மேசையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் உளி இருக்கிறது.

எங்கள் வீடு சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகும் பாதையில். பின்கட்டில் தனியாக ஒரு அறை. சமையலறை ஜன்னலுக்கும் அதற்கும் ஆறடிதான் இடைவெளி. முந்தைய கார்த்திகையில் ஒரு கணவனும் மனைவியும் அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். குடியிருக்க அல்ல, காலண்டர் தாள் அடுக்கும் ஆர்டர் வேலைக்கு என்றார்கள். தெருவில் இரண்டாயிரத்துக்கு மேல் போகாத அறைக்கு மூவாயிரத்து ஐநூறு தந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காற்றில் தாள் பறக்கும் என்று கதவையும் ஜன்னலையும் சாத்தியே வைத்திருப்பார்கள். செருப்பை வெளியே விட்டு, செல்போனை வெளித்திண்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இந்தக் காலத்தில் போனைத் தள்ளிவைத்து வேலை பார்க்கிறார்களே என்று நானே என் மனைவியிடம் மெச்சியிருக்கிறேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள்.

பொங்கலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மதியச் சோறு ஆறிப்போய்த்தான் வரும். காலை எட்டு மணிக்குள் சமையலை முடித்து அடுப்பை அணைத்துவிடுவாள். பதினோரு மணிக் காப்பி பிளாஸ்க்கிலிருந்து வரும். முட்டிவலி, அடுப்படியில் இரண்டு தடவை நிற்க முடியவில்லை என்றாள். நம்பினேன், முனகிக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்துத் தெருவில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது, "வண்டிய முன்வாசல்லயே வச்சுப் பிரிங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். பின்கட்டு அழுக்காகும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வண்டியை உருட்டிக்கொண்டு போய் அறை வாசலுக்கு நாலடி தள்ளி நிறுத்தினேன். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டார்களே, அவசர ஆர்டர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஆயிலை வடித்து, கவரைக் கழற்றி, அதை ஒரு தகரத் தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். பெட்ரோல் அரை லிட்டர், ஐம்பத்தோரு ரூபாய். புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறப் போட்டேன். ஸ்பிரிங் நான்கையும் எடுத்தபின் வட்ட நட் தெரிந்தது. உளியை அதன் வெட்டில் பொருத்தி, சுத்தியலை ஓங்கி அடித்தேன்.

நட் அசையவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு அடியில் உளி நழுவி, சின்னதாக ஒரு பொறி பறந்தது.

அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் வெறுங்காலோடு ஓடிவந்து, ஓங்கிய என் கையை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளி பூசினாற்போல மின்னின. புருவத்திலும் வெள்ளி.

"அடிக்காதீக பெரியப்பா," என்றாள். கத்தவில்லை. மூச்சோடு மூச்சாகச் சொன்னாள். "அடிக்காதீக."

எந்தக் காலண்டர் தாளும் கையை அப்படி ஆக்காது. இந்த ஊரில் வெள்ளியாகக் கையை மின்ன வைப்பது வெடி மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடிதான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தேன். தரையில் ஈரச் சாக்கு, பழுப்புத் தாள் குழல்கள் வரிசை வரிசையாக, நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் சாம்பல் நிறக் குவியல். இந்தப் பக்கம் என் காலடியில் பெட்ரோல் தட்டு. கையில் சுத்தியல்.

எத்தனை அடி அடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நாலா, ஐந்தா? வாழ்க்கையில் எண்ணத் தவறியது அது ஒன்றுதான். சுத்தியலைக் கீழே போடவும் பயமாக இருந்தது. அவளே என் கையிலிருந்து வாங்கி, முந்தானையில் சுற்றி, மண்ணில் மெல்லப் படுக்க வைத்தாள். நான் பெட்ரோல் தட்டை இரு கையாலும் ஏந்தி, தளும்பாமல் தெருமுனை வரை நடந்துபோய் வைத்துவிட்டு வந்தேன். மணிக்கட்டில் ஐந்து விரல் வெள்ளியாகப் பதிந்திருந்தது.

திரும்பி வந்தபோது என் மனைவி பின்கட்டில் நின்றிருந்தாள். திறந்த கதவையும் பிரித்துப்போட்ட வண்டியையும் பார்த்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"பொங்கலுக்கு அப்புறம் தெரியும்."

அப்போதுதான் ஆறின சோறும் பிளாஸ்க் காப்பியும் எனக்கு விளங்கின. அவர்கள் ஒன்பது மணிக்கு வருவதற்குள் அடுப்பை அணைத்திருக்கிறாள், ஐந்து மாதமும்.

"ஏன் சொல்லல?"

"தீபாவளி வரைக்கும்னு இந்தப் பொண்ணு காலப் பிடிச்சு அழுதா. வாடகைய விட உங்களுக்கும் மனசு வராது. சொன்னா நீங்க ராத்திரி பகலா எத்தனை கிலோன்னு எண்ணிக்கிட்டே இருப்பீக."

கணவன் வெளியே வந்தான். "நாளைக்கு ஆட்டோ கொண்டாந்து எல்லாத்தையும் ஏத்திர்றேன் ஐயா."

"எங்கே கொண்டுபோவ?"

"எங்க மாமியா வீட்டுக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"மாமியா. அப்புறம் எங்க ரெண்டு புள்ளைக."

அவன் சாதாரணமாகச் சொன்னான். நான் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். போலீசுக்குப் போகலாமா என்று நினைத்தேன். பெற்றவர்கள் இருவரும் உள்ளே போவார்கள், வீட்டுக்காரன் நானும் கூடவே போவேன். மருந்து இங்கேயும் இருக்கக் கூடாது, அங்கேயும் போகக் கூடாது. வேறு வழி தோன்றவில்லை.

"சரக்குல உங்க கைக்காசு எம்புட்டு?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எட்டாயிரத்து ஐநூறு," என்றாள் அவள்.

"நான் தாரேன். எல்லாத்தையும் தண்ணியில போடுங்க."

"நூத்தி எண்பது ரூவா ஸ்பேனர் வாங்காத மனுசனா இது?" என்றாள் என் மனைவி. அன்றைக்கு அவள் திடுக்கிட்டது அப்போதுதான்.

கொஞ்சமாக நனைத்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், முழுக்க மூழ்க வேண்டும் என்றான் கணவன். சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அவர்கள் இருவரும் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து அமிழ்த்தினார்கள். குழல்களையும் விடவில்லை. எங்களை வாசலுக்குப் போகச் சொன்னார்கள். நாங்கள் தெருவில் வேப்பமரத்தடியில், காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். கடைசி விரிப்பும் தண்ணீருக்குள் போனபோது மணி இரண்டாகிவிட்டது. அந்தப் பெண் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் மட்டும் வெள்ளி போகவில்லை. அறைக்கு வாங்கிய முன்பணம் இருபதாயிரத்தையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். அது அவர்கள் பணம், செலவில் சேராது. வேறெங்கே இதையே தொடங்குவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி கையைப் பிடித்து அழுத்தினாள்.

மறுநாள் மறுபடி பஸ் ஏறி விருதுநகர் போனேன். இரண்டு பயணத்துக்கும் போக வர நூறு ரூபாய் ஆகியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, உளி என்னாச்சு?" என்றார் பாய்.

"ஸ்பேனரைக் கொடுங்க," என்றேன்.

வட்ட நட் கால் சுற்றில், சத்தமே இல்லாமல் கழன்றது. பழைய பிளேட்டுகள் கறுத்துப்போய்க் காகிதம் போல இருந்தன. புதியவற்றை ஒன்றுவிட்டு ஒன்று இரும்புத் தட்டோடு அடுக்கி, ஸ்பிரிங்கை முடுக்கி, பேக்கிங் வைத்துக் கவரை மூடினேன். செவ்வாய்க்கிழமை வண்டி மேம்பாலத்தில் ஒரே மூச்சில் ஏறியது. உச்சியில் ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காப்பி நாக்கைச் சுட்டது.

மெக்கானிக் கேட்டது இரண்டாயிரத்து இருநூறு. எனக்கு ஆனது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு ரூபாய்.