சாவி வாங்கும் முன்

சாவியைத் துளையில் நுழைக்க மூன்று முறை தவறினேன். எனக்கு அதுதான் முதல் அறிகுறி. செங்கல்பட்டு ஷெட்டில் காலை ஐந்தரை மணி. அணுபுரத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் தனியார் கம்பெனிப் பேருந்துக்கு நான் டிரைவர். கை நடுக்கம் நிற்க ஒரு மடக்கு பிராந்தி தேவைப்பட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மடக்குக்காகவே தினமும் எழுந்தேன்.

டைம்கீப்பர் கண்ணையன் என் சேக்காளி. என்மேல் குடி வாசனை பிடித்த நாட்களில், "இன்னா மச்சான், கண்ணு செவந்து கீது? பின்சீட்ல படுத்துக்கோ. அட்டெண்டன்ஸ் நான் போட்டுக்கறேன்" என்பான். என் வண்டியை வேறொருவர் எடுப்பார். நான்கு வருஷம் இப்படிக் காப்பாற்றியே என்னைக் குழிக்குள் இறக்கினார்கள். எல்லாம் பாசம்தான். குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மனைவி செல்விக்குச் சத்தியம் செய்துவிட்டு ஒரேயடியாகக் குடியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் படாளத்தில் எங்கள் வீட்டில், சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்தினேன். ஆஸ்பத்திரியில் டெலிரியம் (நாள்பட்ட குடியைச் சட்டென்று நிறுத்தினால் வரும் சித்தக் குழப்பம், உயிருக்கே ஆபத்து) என்றார்கள். கல்லீரலும் வீங்கியிருந்தது. இதைப் படிக்கிற யாரும் டாக்டர் துணையில்லாமல் நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

மேனேஜர் பார்க்க வந்தார்.

"வேலை போச்சா சார்?"

"வேலை இருக்கு. முழுசா வைத்தியம் பாத்துட்டு வாங்க. ஆறு மாசம் வண்டி கிடையாது. அப்புறமும் தினம் ஊதிக் காட்டினாத்தான் சாவி."

ஆறு மாதம் வண்டி கழுவினேன். செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போக, லீவு கழிக்காமல் அனுப்பினார். முதலாளிகள் யாராவது படித்தால் இதைக் கவனியுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைகள் இல்லையென்றால் நான் இல்லை.

சாவி வாங்கும் நாள் வந்தது. மற்ற டிரைவர்கள் சுற்றி நிற்க, கண்ணையன் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். உடம்பு கூசியது. "சாவியே வேணாம் சார்" என்று படியிறங்கினேன். போயிருந்தால் நேரே கடைதான்.

மேனேஜர் கண்ணையன் முன்னால் போய் நின்று, முதலில் தானே ஊதினார். "எல்லாரும் வாங்க. இனிமே தினம் இதுதான். கண்ணையா, உன் மூச்சை நான் பாக்கறேன்."

சிரித்துக்கொண்டே வரிசை நின்றார்கள். கடைசி ஆள் நான். கண்ணையன் மூக்கைச் சுளித்தான். "வெங்காயந்தான் அடிக்குது. எட்த்துகினு போ மச்சான்."

எட்டு வருஷம் ஓட்டினேன். இடையில் ஒருநாள், முந்தின இரவு குடித்துவிட்டுப் போயிருந்தேன்; கண்ணையன் முகர்ந்துவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு அட்டெண்டன்ஸ் போட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போ." அன்று முழுக்க அவனைத் திட்டினேன். அவன் எனக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அது. அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

பிறகு கல்லீரல் ஒத்துழைக்காததால் வேலையை விட்டேன். உடம்பு சீக்கிரம் களைத்துவிடுகிறது. குடிக்காமல் இருந்த வருஷக் கணக்கெல்லாம் அதற்குப் புரிவதில்லை. இன்றைய காலை மட்டும்தான் தெரியும்.

வேலையை விட்ட மறுநாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. ஊதிக் காட்ட ஆளில்லை. நிஜமாகவே பயந்துவிட்டேன். செல்வியை எழுப்பி, அவள் முகத்துக்கு நேரே ஊதினேன்.

தூக்கக் கலக்கத்தில் முகர்ந்தாள். "செரி, போய்ப் பாலு வாங்கினு வா" என்றாள்.