பஞ்சுவையரின் அஜீரணம்

மருந்து கலக்கத் தெரிந்தால் போதும் என்று நம்பிக் கம்பவுண்டர் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட சகோதரர்களே, முகம் மாறாமல் பொய் சொல்லவும் தெரிய வேண்டும் என்று உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சொல்லக்கூடாத பெயர்

மயிலாப்பூரில் பஞ்சுவையர் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா. வயிற்றில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வலிக்கு மார்பியா ஊசி போடத் தினமும் காலையில் நான் சைக்கிளில் போவேன். அவரிடம் அஜீரணம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் டாக்டர் உத்தரவு. பஞ்சுவையர் மனைவியும், மாமி என்றுதான் நான் கூப்பிடுவேன், வாசலிலேயே அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

முதல் நாள் பஞ்சுவையர் ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அஜீரணத்துக்கு ஊசியா? சரி, அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு ஆத்துக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதேங்கோ."

பக்கத்து மேஜைக்காரர்

ஒருநாள் மாம்பலத்திலிருந்து இன்னொரு குமாஸ்தா பார்க்க வந்தார். இருபது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இவரோடு சண்டை போட்டவர். அன்று இவருடைய கையெழுத்தைப் புகழ்ந்தார், குணத்தைப் புகழ்ந்தார், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சுவையர் என்னிடம் சொன்னது இது: "டாக்டர்கூட இவ்வளவு தெளிவாச் சொல்லலை."

தாயக்கட்டை

ஊசி போட்டு வலி அடங்கியதும் அவரும் மாமியும் தாயம் ஆடுவார்கள். மாமிதான் தோற்பாள், தினமும்.

"மூணு மாசமா இவ என் காயை வெட்டவே இல்லை. முன்னெல்லாம் ஈவு இரக்கம் பார்க்கமாட்டா. இப்போ யாரோ வேத்து மனுஷியோட ஆடற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி, "அவருக்கு எல்லாம் தெரியும் மாமி" என்று வாசலில் சொல்லிவிட்டேன். அன்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நான் போனபோது ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவருடைய நாலு காய்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. "பாருங்கோ கம்பவுண்டர், சாகப்போறவன்னு கொஞ்சமாவது தயவு இருக்கா இவளுக்கு?" என்று முறையிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாமி கட்டையை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சாகப்போறவர் காயை விரலால தள்ளி வைக்கலாமோ? நான் பார்த்துண்டுதான் இருந்தேன்."

டாக்டர் சீட்டில் எழுதாமல் நான் கொடுத்த மருந்து வாசலில் சொன்ன அந்த உண்மை ஒன்றுதான். விஷயம் தெரிந்ததும் டாக்டர் என்னை வைத வசவுகளில் எதையுமே அஜீரணம் மாதிரி மறைத்துச் சொல்லவில்லை.