பின்பக்கக் கேட்

பியர்பொன்ட்ஸ் என்ற இந்தக் குளிர்நாட்டு ஊரில், எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஒரு சின்ன கேட் உண்டு. திறந்தால் பஸ் நிற்கும் பெரிய தெரு. பக்கத்து வீட்டுக்கு அந்த வசதி இல்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன், பனி கொட்டிய ஒரு காலையில், பக்கத்து வீட்டுக்காரரிடம் “எங்க தோட்டம் வழியா இப்படியே போயிடுங்க சார்” என்று நான்தான் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். அன்று அவர் போனார். பிறகு அவர் மனைவி, படிக்கப் போகும் இரண்டு பெண்கள் என்று குடும்பமே அந்த வழியாகப் போக ஆரம்பித்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

போன வசந்தத்தில் என் மனைவிக்குக் கீமோ முடிந்தது. தலையில் ஒரு முடி இல்லை. எப்போதும் துணி கட்டியிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வெயில் வந்ததும் இதை அவுத்துட்டுத் தோட்டத்துல உக்காரணும். என்னை யாரும் பாக்கக்கூடாது.”

இந்த ஊரில் வெயில் என்பதே மூன்று மாதம். மே கடைசியில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கேட் கிறீச்சிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம் அவள் வெளியே போகவே இல்லை.

இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். ஆனால் நம் எல்லைக்குள் ஒரு ஆள் நுழைவதைப் பார்த்தால் என் வாய் என்னைக் கேட்காமலே “வாங்க, வாங்க” என்று சொல்லிவிடும். வளர்ந்த விதம் அப்படி. அது போதாதென்று, ஒரு வாரம் அவர்கள் யாரும் கண்ணில் படாமலிருக்க, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன சார், இந்தப் பக்கமே காணோம்?” என்று விசாரித்துவிட்டு வந்தேன். புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ தெரியாது. மறுநாளே அவர்கள் திரும்ப வந்தார்கள்.

என் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அவங்க உங்களை நல்லவர்னு சொல்றதுக்காக இந்த சம்மர் பூரா நான் உள்ளேயே கெடக்கணுமா?”

சுருக்கென்றது. அவமானமாக இருந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்குப் போனேன். வேலி ரிப்பேர், பெயின்ட் வேலை என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். கதவைத் திறந்த அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. “வீட்டுல உடம்பு தேறிட்டு வர்றாங்க. தோட்டத்துல தனியா உக்காரணும்னு ஆசைப்படறாங்க. இனிமே நீங்க தெரு வழியாவே போயிட்டா உதவியா இருக்கும்.”

அவர் திரும்பி உள்ளே நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு, “அண்ணை, நாங்கள் இடையில ஒரு கிழமை சுத்தித்தான் போனனாங்கள். எங்களைக் கண்டால் அக்கா எழும்பி உள்ளுக்குப் போறா எண்டு இவ சொன்னவ. பேந்து நீங்கள் ஏன் காணேல்லை எண்டு கேட்டீங்கள். வராட்டில் கோவிப்பீங்கள் எண்டு நினைச்சுத்தான் திரும்ப வந்தனாங்கள்” என்றார்.

அவர்கள் மரியாதையாக விலகிப் போயிருக்கிறார்கள். நான் மரியாதையாக இழுத்து வந்திருக்கிறேன். நடுவில் ஒருத்தி வெயிலை இழந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கேட்டில் தாழ்ப்பாள் போட்டேன். நல்ல வெயில். அவள் தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு காபி எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் கை தலைத்துணியின் முடிச்சில் இருந்தது. அவிழ்க்கவில்லை.

“இனிமே யாரும் வரமாட்டாங்க” என்றேன்.

“தெரியும்” என்றாள். காபியை ஒரு வாய் குடித்தாள். “நீங்களும் கொஞ்ச நேரம் உள்ள போங்க.”

என் காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சமையலறை ஜன்னலின் திரையை இறக்கிவிட்டேன்.